400 ரூபாய் கேபினெட் ஃபேன்: மார்த்தாண்டம் கடையில் ஓட்டிப் பார்த்த கணக்கு

மார்த்தாண்டம்_டிடிபி

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், ஃபிளெக்ஸ் டிசைன் எல்லாம் ஒரே கணினியில்தான். காலை ஒன்பதரைக்குப் போட்டால் இரவு எட்டரைக்குத்தான் அணைப்பேன். ஐ5 4590 பிராசசர், அதைக் குளிர்விக்க அதனுடனேயே வந்த இன்டெல் கூலர் (உலோகத் தகடும் அதன்மேல் சின்ன ஃபேனும்), ஒரு 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க். இதெல்லாம் உட்காரும் தகரக் கூடான கேபினெட் பழையது, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பகுதி) மேலே உட்காரும் வகை. தனியாக ஒரு ஃபேன்கூட அதில் இதுவரை மாட்டியதில்லை.

ஏப்ரலில் பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல்களை எக்ஸ்போர்ட் செய்யும்போது மிஷின் இழுக்க ஆரம்பித்தது. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூமானிட்டர் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பிராசசர் 97 டிகிரி. இந்தச் சிப் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை பதினான்கு நிமிடம் ஆவதற்குக் காரணம் அதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எதிரே ஆள் நின்றுகொண்டிருக்கும்போது அந்த நான்கு நிமிடம் ரொம்பப் பெரியது.

400 ரூபாய்க்கு ஒரு 120 மி.மீ. ஃபேன் வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்தது: 1200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), 45 சிஎஃப்எம் (எவ்வளவு காற்றுத் தள்ளும்), 22 டெசிபல், ஹைட்ராலிக் பேரிங், 3 பின், 0.2 ஆம்பியர். கேபினெட்டின் பின்பக்கம், காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினேன். மாட்டும்போதே உள்ளே இருந்த பொடியை எல்லாம் தட்டி, கூலரைக் கழற்றி, பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதும் தடவினேன். கடைக்குள் 32 டிகிரி இருக்கும்போது அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டினேன். 73 டிகிரிதான் வந்தது. 24 டிகிரி குறைந்திருக்கிறது!

400 ரூபாய்க்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நம் மாவட்டத்தில் இதே மாதிரி பழைய மிஷினை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், மிஷின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, அளந்து சொல்கிறேன்.

தக்கலை_சர்வீஸ்

நல்ல வேலை செய்தாய் மக்கா. ஆனால் அந்த 24 டிகிரியை ஃபேனின் கணக்கில் எழுதாதே. ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்திருக்கிறாய்: பொடி தட்டினாய், பேஸ்ட் மாற்றினாய், ஃபேன் போட்டாய். எது எவ்வளவு குறைத்தது என்று இதிலிருந்து தெரியாது.

இருபது வருடமாக இந்தச் சோலிதான் பார்க்கிறேன். சூடாகிறது என்று என் மேசைக்கு வரும் பத்து மிஷினில் ஏழெட்டுக்குப் புது ஃபேனே தேவைப்படாது. கூலரின் தகட்டு இடுக்கில் பொடி கம்பளி மாதிரி அடைத்திருக்கும், அல்லது பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதைச் சரிசெய்தாலே போதும். உன் கடை மேம்பாலத்துப் பக்கம் வேறு. அங்கே பஸ் புகையும் ரோட்டுப் பொடியும் நாள் முழுக்க உள்ளே வந்துகொண்டிருக்கும்.

இனி ஒன்று செய். ஃபேனைக் கழற்ற வேண்டாம், வயரை மட்டும் பிடுங்கிவிட்டு அதே ஃபைலை அரை மணி நேரம் ஓட்டு. அப்புறம் வயரைச் சொருகி இன்னொரு தடவை ஓட்டு. இரண்டு தடவையும் அறையின் சூட்டையும் பக்கத்திலேயே எழுதிக்கொள். மத்தியானம் 33 இருக்கும், மழை பெய்தால் 27க்கு வந்துவிடும். பிராசசர் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழித்து வருவதுதான் உண்மையான எண். அறைக் காற்றைவிடக் குளிராக எந்த ஃபேனாலும் ஆக்க முடியாது.

ஆசாரிபள்ளம்_மாணவன்

அண்ணே, 400 ரூபாய்க்கு ஒன்று வாங்குவதற்குப் பதில் 1200 ரூபாய்க்கு மூன்று கலர் லைட் ஃபேன் செட்டாகக் கிடைக்கிறதே? நான் முன்பக்கம் மூன்றும் மாட்டியிருக்கிறேன். பார்க்கவும் நன்றாக இருக்கிறது, காற்றும் மூன்று மடங்கு.

மார்த்தாண்டம்_டிடிபி

தக்கலை அண்ணாச்சி சொன்னது சரி. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து திரும்ப அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், அதே ஃபைல், மேசைமேல் ஒரு சின்ன தெர்மாமீட்டர்.

சுத்தம் செய்வதற்கு முன் பிராசசர் 97, அறை 32. வித்தியாசம் 65. சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றி, ஃபேன் வயரைப் பிடுங்கிய நிலையில் 79, அறை 31. வித்தியாசம் 48. ஃபேன் ஓடும்போது 73, அறை 32. வித்தியாசம் 41.

ஆக, 17 டிகிரி சுத்தம் செய்ததாலும் பேஸ்ட்டாலும் குறைந்தது. ஃபேன் குறைத்தது 7. மேலே நான் எழுதிய 24 தப்பு. அதை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன், இதைப் படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.

இன்னும் இரண்டு அளவு எடுத்தேன். ஃபேனைப் பின்பக்கத்திலிருந்து கழற்றி, முன்பக்கம் கீழே காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டினேன். பிராசசர் வித்தியாசம் 45. ஆனால் 48 டிகிரியில் இருந்த ஹார்டு டிஸ்க் 40க்கு இறங்கியது, ஏனென்றால் ஃபேன் நேராக அதன்மேல் ஊதுகிறது. வாடிக்கையாளர்களின் பழைய டிசைன் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு இது முக்கியமாகப் பட்டது. கடைசியாக, ஃபேனே ஓடாமல் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி வைத்தேன். வித்தியாசம் 40. அதாவது 400 ரூபாய் ஃபேன் செய்ததை, மூடியைக் கழற்றியதே செய்துவிட்டது.

இது எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. அப்படியானால் மூடியைத் திறந்தே வைத்துவிடலாமா?

தக்கலை_சர்வீஸ்

திறந்து வைக்காதே. ஒரு மாதத்தில் கூலர் மறுபடியும் அடைத்துவிடும், 17 டிகிரியும் திரும்பி வந்துவிடும். போதாததற்குப் பல்லி. பல்லி எச்சம் விழுந்து அரித்துப்போன மதர்போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றியதில் குறைகிறது என்றால் உன் கேபினெட்டுக்குள் புதுக்காற்று வர வழி இல்லை என்று அர்த்தம். முன்பக்கத்தைப் பார்.

பூதப்பாண்டி_டீச்சர்

நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கம்ப்யூட்டரைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, ஆனால் இந்த எண்களைப் பார்த்ததும் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ இருக்கும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1005 ஜூல் வேண்டும். உள்ளே எத்தனை வாட் வெப்பம் உண்டாகிறது, வெளியே வரும் காற்று அறையைவிட எத்தனை டிகிரி சூடு, இந்த இரண்டும் தெரிந்தால் உண்மையில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டியதில்லை.

ஒரு சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கன அடி, விநாடிக்கு சுமார் 0.47 லிட்டர். உங்கள் பெட்டி சொல்லும் 45 சிஎஃப்எம் என்பது விநாடிக்கு 21 லிட்டர். தம்பி, பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் யாரிடமாவது வாங்கி மிஷின் எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். ஃபேனுக்குப் பின்னால் அந்தத் தெர்மாமீட்டரை ஐந்து நிமிடம் பிடியுங்கள். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

அப்புறம் பெட்டியில் போடும் சிஎஃப்எம் எப்படி எடுப்பது தெரியுமா? ஃபேனுக்கு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடவிட்டு எடுப்பது. கேபினெட்டில் வலை இருக்கிறது, வயர் இருக்கிறது, பிளாஸ்டிக் முகப்பு இருக்கிறது. தடையை எதிர்த்து எவ்வளவு தள்ளும் என்பதற்கு அழுத்தம் என்று தனியாக ஓர் எண் உண்டு, நீர் மில்லிமீட்டரில் போடுவார்கள். எங்கள் ஊரில் ஆடிக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலும் எதிர்ச்சுவரில் ஜன்னல் இல்லாத அறைக்குள் காற்று நுழையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்கே அப்படியென்றால் இரண்டரை வாட் ஃபேன் என்ன செய்யும்?

மார்த்தாண்டம்_டிடிபி

டீச்சர், பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் வாட் மீட்டர் கிடைத்தது. எக்ஸ்போர்ட் ஓடும்போது 120 வாட். பின் ஃபேனிலிருந்து வரும் காற்று 41 டிகிரி, அறை 32.

பூதப்பாண்டி_டீச்சர்

அப்படியானால் 9 டிகிரி ஏற்றம். 120ஐ 9 ஆலும், 1.16 ஆலும், 1005 ஆலும் வகுத்தால் விநாடிக்கு சுமார் 11.4 லிட்டர். அதாவது 24 சிஎஃப்எம். பெட்டியில் சொன்னதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபேனும் கொஞ்சம் வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது என்பதால் இது தோராயமான கணக்குத்தான். அந்தப் பங்கைக் கழித்தால் இந்த ஃபேனின் பங்கு இன்னும் குறையும், கூடாது.

குளச்சல்_கடலோரம்

நல்ல இழை. என் நிலைமை வேறு மாதிரி. வீடு கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரம். வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். எனக்குச் சூடு பெரிய பிரச்சினை இல்லை, கடல் காற்று எப்போதும் உண்டு. பிரச்சினை உப்பு. போன கேபினெட்டில் ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்துத் தலை உதிர்ந்துவிட்டது. ரேமைக் கழற்றிப் பார்த்தால் பின்கள் பச்சைப் பூத்திருந்தன. இரண்டு வருடத்தில் இரண்டு ஃபேன் கறகற என்று சத்தம் போட்டு நின்றன.

நான் கேட்பது இதுதான்: இந்த விலையில் வாங்கும் ஃபேன் கடலோரத்தில் தாங்குமா? முன்பக்கம் மாட்டி உள்ளே காற்றை இழுத்தால் உப்பையும் சேர்த்துத்தானே இழுக்கும்?

பூதப்பாண்டி_டீச்சர்

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அதற்குக் கீழே அது வெறும் தூள். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். போர்டின்மேல் படிந்த உப்புப் பொடியும் அப்படித்தான், பகலில் சும்மா இருக்கும், ராத்திரி ஈரத்தில் மின்சாரம் கடத்தும் நீராக மாறும். மிஷின் ஓடும்போது போர்டு சூடாக இருப்பதால் அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் குறைகிறது. அதனால் உங்களுக்கு அணைத்து வைத்திருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

தக்கலை_சர்வீஸ்

டீச்சர் சொன்னது நான் கண்ணால் பார்த்தது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து வரும் மிஷின்களில் தினமும் ஓடுவது நல்ல நிலையில் இருக்கும். பிள்ளைகள் லீவுக்கு மட்டும் போடுகிற மிஷின்தான் போர்டு அரித்து வரும். மழைக்காலத்தில் தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அணைத்து ஆறிய பிறகு துணியால் மூடுங்கள், சூட்டோடு மூட வேண்டாம்.

இனி பேரிங். விலை குறைந்த ஃபேனில் நான் முதலில் பார்ப்பதும் இதுதான், காற்றுக் கணக்கு அதற்கு அப்புறம்தான்.

மலிவு ஃபேனில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங். எண்ணெய் ஊறிய ஒரு புஷ்ஷுக்குள் தண்டு சுற்றும். புதிதில் சத்தமே இருக்காது, அதனால் கடையில் ஓட்டிக் காட்டும்போது எல்லாருக்கும் பிடித்துவிடும். எண்ணெய் வற்றியதும் கறகற. சூடான இடத்தில் சீக்கிரம் வற்றும். படுக்கை வாட்டத்தில், அதாவது கேபினெட்டின் மேல்கூரையில் மாட்டினால் இன்னும் சீக்கிரம். பெட்டியில் ஹைட்ராலிக் என்று போட்டிருந்தால் அநேகமாக அதே ஸ்லீவ்தான், எண்ணெய் வெளியே போகாமல் இருக்க ஒரு சீலும் கொஞ்சம் நல்ல எண்ணெயும் வைத்திருப்பார்கள். அது மோசம் இல்லை, நின்ற வாட்டத்தில் பின்பக்கம் மாட்ட அது போதும். இரட்டை பால் பேரிங் என்றால் எந்த வாட்டத்திலும் மாட்டலாம், சூட்டைத் தாங்கும், ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. குளச்சல்காரருக்கு நான் பால் பேரிங்தான் சொல்வேன். படுக்கையறையில் மிஷின் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது கையால் பார்க்க மூன்று விஷயம். இறக்கையை மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பார், கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், டக் டக் என்று தட்டினால் வேண்டாம். விரலால் சுண்டிவிடு, நிற்கும்போது சட்டென்று பிடித்த மாதிரி நிற்காமல் மெதுவாக நிற்க வேண்டும். முடிந்தால் 5 வோல்ட்டில் ஓட்டிப் பார். எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் வயரில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12, கறுப்பு இரண்டும் எர்த். 5 வோல்ட்டில் தானாகச் சுழல ஆரம்பித்தால் மோட்டாரும் பேரிங்கும் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். நல்ல ஃபேன்களிலும் சில 5 வோல்ட்டில் கிளம்பாது, விரலால் தொட்டுவிட்டதும் ஓடினால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம். வயர் தெரியாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆயுள் 30,000 மணி நேரம் என்று போட்டிருந்தால் எத்தனை டிகிரியில் என்று பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். 25 டிகிரியில் எடுத்த கணக்கு நம் கேபினெட்டுக்குள் இருக்கும் 40 டிகிரிக்குப் பொருந்தாது.

உள்ளே இழுக்கும் ஃபேனுக்கு முன்னால் வலை கட்டாயம் போடுங்கள். கொசுவலைத் துணி ஒற்றையாகப் போட்டால் போதும். இரண்டு மடிப்பாகப் போட்டால் மலிவு ஃபேனுக்கு மூச்சு முட்டும்.

குலசேகரம்_ரப்பர்

எங்கள் வீட்டுப் பின்னால் ரப்பர் ஷீட்டுக்குப் புகைக்கூடு இருக்கிறது. புகை காற்றோடு வீட்டுக்குள்ளும் வரும். என் ஃபேன் இறக்கையில் படிவது பொடி இல்லை, கறுப்பாக ஒட்டும் பசை. பிரஷ்ஷால் தட்டினால் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தால்தான் போகிறது. ஓர் இறக்கையில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் படிந்தால் ஃபேன் ஆடி கேபினெட்டே அதிர ஆரம்பிக்கிறது. ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கிவிட்டேன், பழையதைத் துடைத்த பிறகு அதுவும் நன்றாக ஓடுகிறது. சத்தம் வந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள்.

தக்கலை_சர்வீஸ்

ஆமாம். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தன் அளவைவிட வேகமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

ஆசாரிபள்ளம்_மாணவன்

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் அளந்தேன். ஃபேன் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டு வித்தியாசம் 49. மூன்று ஃபேனும் முழு வேகத்தில் ஓடினால் 46. மூன்று டிகிரிக்கு 1200 ரூபாய். என் கேபினெட் முன்பக்கம் முழுக் கண்ணாடி. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இடைவெளி. கண்ணாடியைக் கழற்றினேன். 41. அண்ணாச்சி சொன்ன மாதிரி வழிதான் இல்லை. இப்போது கண்ணாடி அலமாரிமேல் இருக்கிறது, அதன் இடத்தில் கொசுவலை.

ஒரு எச்சரிக்கை, என் நண்பனுக்கு நடந்தது. கலர் ஃபேனின் லைட் வயர் 5 வோல்ட், 3 பின். போர்டில் 12 வோல்ட் லைட்டுக்கு 4 பின் இருந்தது. அழுத்திச் சொருகிவிட்டான். லைட் எல்லாம் அந்த நொடியிலேயே போய்விட்டது.

மார்த்தாண்டம்_டிடிபி

டீச்சர் போட்ட 24 சிஎஃப்எம் கணக்கு இரண்டு நாளாக மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில் சரிபார்க்க முடியுமா என்று யோசித்தேன். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை டிரம்முக்குள் விரித்து, 10 லிட்டர் வாளியால் ஐந்து வாளி தண்ணீர் ஊற்றி 50 லிட்டருக்கு அடையாளம் வைத்து வெட்டினேன். காயவைத்து, காற்றே இல்லாமல் சுருட்டி, அதன் வாயை ஃபேனின் சட்டத்தைச் சுற்றி டேப் போட்டு ஒட்டினேன். பை நிறைவதை மொபைலில் வீடியோ எடுத்து நேரம் பார்த்தேன்.

கேபினெட்டில் மாட்டிய நிலையில் 4.5 விநாடி. அதாவது விநாடிக்கு 11 லிட்டர், 23.5 சிஎஃப்எம். டீச்சர் வெப்பத்தை வைத்துச் சொன்னது 24! கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்து தடவை செய்தேன், 4.4க்கும் 4.7க்கும் நடுவில்தான் வந்தது.

ஃபேனைக் கழற்றி வெளியே வெறுமனே ஓடவிட்டால் 2.8 விநாடி, ஏறக்குறைய 38 சிஎஃப்எம். பெட்டியில் 45 என்றிருந்தது. பையும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் அந்த 45 பெரிய பொய் என்று சொல்ல மாட்டேன். போர்டு காட்டும் வேகமும் 1160 ஆர்பிஎம், சொன்னதற்குப் பக்கத்தில்தான்.

அடுத்து முன்பக்கம். பிளாஸ்டிக் முகப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஃபேன் மாட்டும் இடம் ஓட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் முகப்பில் காற்று நுழையக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு மட்டும். அதிலும் பொடி அடைப்பு. முகப்பை எடுத்துவிட்டு ஒற்றை வலை ஒட்டினேன். பை 3.6 விநாடியில் நிறைந்தது, 29 சிஎஃப்எம். பிராசசர் வித்தியாசம் 41இலிருந்து 39. செலவு ஒரு துண்டு வலை.

சத்தம் பற்றி. பெட்டியில் போட்ட 22 டெசிபலை மொபைல் ஆப்பை வைத்துச் சரிபார்க்க முடியாது, கடையில் ராத்திரி ஷட்டரை இறக்கினாலும் ரோட்டுச் சத்தம் அதைவிட அதிகம். அதனால் காதை வைத்து இரண்டு சோதனை. கையில் பிடித்து ஓட்டினால் வெறும் காற்றுச் சத்தம்தான். கேபினெட்டில் மாட்டினால் ம்ம்ம் என்று ஓர் உறுமல். அப்படியென்றால் குற்றம் ஃபேனில் இல்லை, அதிர்வு தகரத்துக்குப் போகிறது. சைக்கிள் டியூபில் நான்கு வாஷர் வெட்டி, ஸ்குரூவுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒன்று ஒன்றாகப் போட்டேன். உறுமல் போய்விட்டது.

இரண்டாவது, வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். இது 3 பின் என்பதால் பயாஸில் (போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) அந்த ஃபேனை டிசி முறைக்கு, அதாவது வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறைக்கு, மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாத வரை முழு வேகத்திலேயே ஓடும். 800 ஆர்பிஎம்மில் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கேட்கவில்லை. பிராசசர் வித்தியாசம் 2 டிகிரிதான் கூடியது.

பூதப்பாண்டி_டீச்சர்

பையை வைத்து அளந்தது மிக அழகான சோதனை தம்பி. என் வகுப்பில் இதைச் செய்யாமல் போனோமே என்று இருக்கிறது.

வேகம் பற்றி: காற்றின் அளவு வேகத்தோடு நேர் விகிதத்தில் குறையும், அழுத்தம் வேகத்தின் இருமடியாக, மின்சாரம் மும்மடியாகக் குறையும். 1200ஐ 800 ஆக்கினால் காற்று மூன்றில் இரண்டு பங்கு, மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. சத்தம் சுமார் 9 டெசிபல் குறையும். உங்கள் காது சொன்னதும் அதைத்தான்.

தக்கலை_சர்வீஸ்

இந்த ஃபேனுக்கு என் தீர்ப்பு: பின்பக்கம் வெளியே தள்ள 400 ரூபாய்க்குத் தாராளமாக வாங்கலாம். முன்பக்கம் வலைக்குப் பின்னால் இழுக்கவோ, கூலர் தகட்டின்மேல் மாட்டவோ வேண்டாம், பெட்டியில் அழுத்தக் கணக்கே போடவில்லை. ஆர்க்டிக் பி12 மாதிரி ஃபேனில் 2.2 நீர் மில்லிமீட்டர் என்று எழுதியே இருக்கும், 4 பின் வகையில் 200 ஆர்பிஎம் வரை இறங்கும். அந்த இடத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு.

இன்னொன்று. போர்டில் ஃபேன் வயர் சொருகும் ஒரே ஹெடரில் பிரித்துப் பல ஃபேன் மாட்டுகிறவர்கள் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஒரு ஹெடருக்கு 1 ஆம்பியர்தான் எல்லை. ஓடத் தொடங்கும்போது ஸ்டிக்கரில் போட்டதைவிடக் கூடுதலாக இழுக்கும், அதனால் 0.2 ஆம்பியர் ஃபேன் என்றால் மூன்றோடு நிறுத்துங்கள்.

குளச்சல்_கடலோரம்

பால் பேரிங் ஒன்று வாங்கிவிட்டேன் அண்ணாச்சி. ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ் வாங்கினேன். ஒற்றை வலை. தினமும் சாயங்காலம் வகுப்பு முடிந்து, ஆறியதும் துணி மூடுகிறேன். முதல் நாள் தேதியை ஃபேனின் ஸ்டிக்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்த்தாண்டம்_டிடிபி

நவம்பர் மாத நிலவரம். ஃபேன் மாட்டி ஏழு மாதம். ஒரு நாளைக்கு 11 மணி நேரம் வீதம் சுமார் 2000 மணி நேரம் ஓடியிருக்கும். நேற்று திறந்து சுத்தம் செய்தேன். கூலர் தகட்டில் பொடி குறைவு, வலையில்தான் நிறைய. வலையை மாதம் ஒரு தடவை கழுவுகிறேன். சுத்தம் செய்வதற்கு முன்பே அளந்தேன்: முழு வேகத்தில் பிராசசர் வித்தியாசம் 40, மே மாதம் 39 இருந்தது.

மழை தொடங்கியதிலிருந்து ஒரு மாற்றம். காலையில் போட்டதும் முதல் அரை நிமிடம் மெல்லிய டிக் டிக் சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது. ஆட்டம் பார்த்தேன், புதிதில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூட. பின்னால் ஸ்டிக்கரை உரித்தால் எண்ணெய் விட ஓட்டை இல்லை, மூடியே வந்திருக்கிறது. அதனால் இது கறகற ஆகும்வரை ஓட்டுவேன். ஹார்டு டிஸ்க்கின் முன்னால் மாட்ட 4 பின் ஃபேன் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அதே பையை வைத்து அளந்து இங்கே போடுகிறேன்.

குளச்சல் சார், உங்களுடையது எப்படி இருக்கிறது?

குளச்சல்_கடலோரம்

ஐந்து மாதம் ஆகிறது. வலையில் வெள்ளையாகப் படிகிறது, நாக்கில் வைத்தால் உப்பு. ஸ்குரூவில் துரு இல்லை. சத்தம் முதல் நாள் எப்படியோ அப்படியே, கூடவும் இல்லை குறையவும் இல்லை. நேற்று ரேமைக் கழற்றிப் பார்த்தேன், பின்கள் பளபளப்பாக இருக்கின்றன.